காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா பற்றி 22 நிமிடப் படம் எடுத்திருக்கிறேன், எங்கே வெட்டுவது?

கல்மண்டபம் | பிப்ரவரி 2, இரவு 11:48

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ராயபுரத்தில் இருக்கிறேன், தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். சொந்தமாக ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் போன ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலையில் முடித்தேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஒரு அக்கா பற்றியது. விற்பவர் இல்லை, வெட்டிக் கொடுப்பவர். நாம் மீன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் போட் மீன் கொஞ்சம் வரும், அதற்கு இத்தனை அருவாமனை தேவைப்படாது. மீனவர் குடும்பம் என்றால் அரசு நிவாரணம் உண்டு. இந்த அக்கா மீனவர் குடும்பம் இல்லை, அதனால் அதுவும் கிடையாது. அந்த 61 நாளை எப்படி ஓட்டுகிறார் என்பதுதான் படம்.

ஒன்பது மணி நேர ஃபுட்டேஜ். நாலு தடவை எடிட் செய்து 22 நிமிடத்தில் நிற்கிறது. மூன்று நான்கு விஷயத்தில் தலை சுற்றுகிறது. நண்பன் ஒருவன் ஆரம்பத்தில் ட்ரோன் ஷாட் இல்லாமல் ஹார்பரின் பிரம்மாண்டம் தெரியாது என்கிறான், இன்னொருவன் வாய்ஸ் ஓவர் வைத்தால்தான் வெளியூர்க்காரனுக்குப் புரியும் என்கிறான். அக்கா பேசும் முக்கியமான ஒரு இடத்தில் பின்னால் டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, யூடியூபில் போட்டால் காப்பிரைட் கிளெய்ம் வரும். அப்புறம் முடித்த பிறகு இதை எங்கே அனுப்புவது என்றே தெரியவில்லை. திட்ட வேண்டும் என்றாலும் திட்டுங்கள், கல்யாண வீட்டில் வாங்காத திட்டா.

மொட்டைமாடி | பிப்ரவரி 3, காலை 7:15

ட்ரோனை முதலில் மறந்துவிடுங்கள். சென்னையைப் பற்றிப் புதிதாக யார் படம் எடுத்தாலும் முதல் நாற்பது நொடி ஒரே மாதிரிதான்: விடியற்காலை நேப்பியர் பாலம், சென்ட்ரல் மணிக்கூண்டு, மயிலாப்பூர் கோபுரம், டபராவில் காபி ஆற்றும் கை, கோலம் போடும் இன்னொரு கை, பின்னால் புல்லாங்குழல். வடசென்னை என்றால் கோலத்துக்குப் பதில் கேரம் போர்டு, புல்லாங்குழலுக்குப் பதில் கானா. அவ்வளவுதான் வித்தியாசம். மேலேயிருந்து பார்த்தால் எல்லா ஹார்பரும் ஒன்றுதான், படகு தீப்பெட்டி மாதிரி தெரியும், அக்கா தெரியவே மாட்டார்.

இன்னொன்று. காசிமேட்டை ஒட்டியே சென்னைத் துறைமுகம். ட்ரோன் 250 கிராமுக்குக் கீழே என்றால் எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று பசங்க நினைக்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளில் அந்த எடைக்கு பைலட் லைசென்ஸ்தான் வேண்டாம், சிவப்பு மண்டலத்தில், அதாவது அனுமதியில்லாமல் பறக்கத் தடை உள்ள பகுதியில், பறக்கவிட அனுமதி வாங்கியே ஆக வேண்டும். எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பிவிட்டு அப்புறம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காதுகுத்து | பிப்ரவரி 3, காலை 9:40

தம்பி, நான் சவுண்ட் ஆள், அதனால் சவுண்ட் பற்றி மட்டும் பேசுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

படத்தைப் பார்க்காமலேயே சொல்கிறேன், உன் முதல் ஐந்து நிமிடத்தில் அக்கா பேசுவது பாதி புரியாது. ஏனென்றால் அங்கே ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும், லாஞ்ச் இன்ஜின் ஓடும், ஏலக்காரர் கத்துவார், எல்லாவற்றுக்கும் மேல் கடல் காற்று. காலர் மைக்கைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பாய், உரசல் சத்தம் வரும். சரி, அது முடிந்த கதை. இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

திரும்பப் போ. கேமரா வேண்டாம், ரெக்கார்டரும் முடி வைத்த காற்றுத் தடுப்பும் மட்டும் எடுத்துக்கொள். அக்காவை எங்காவது சுவர் மறைவில் உட்கார வைத்து, படத்தில் புரியாமல் போகிற அந்த நாலு வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லாதே, செயற்கையாக வரும். அதே விஷயத்தை வேறு கேள்வியாகக் கேள், தானாக வரும். அப்புறம் அருவாமனைச் சத்தம் தனியாக எடு. செதில் சீவும்போது ஒரு சத்தம், நடு முள்ளில் இறங்கும்போது ஒரு சத்தம், வஞ்சிரத்துக்கு ஒன்று, கடம்பாவுக்கு (கணவாய்) ஒன்று. கடம்பாவுக்குச் சத்தமே வராது, அதுவும் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் யாரையும் பேச விடாமல் ஒரு நிமிடம் வெறும் சூழல் சத்தம் எடு. தடைக்காலத்தில் எடுத்தாயா அதை? இன்ஜின் இல்லாத காசிமேடு எப்படிக் கேட்கும் என்பதை வைத்தே உன் படத்தின் பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். காகம், பருந்து, படகில் ஆசாரி ஆணி அடிக்கும் சத்தம். வாய்ஸ் ஓவர் சொல்ல வேண்டியதை அது சொல்லும்.

டீக்கடைப் பாட்டு: குரலை மட்டும் பிரித்தெடுக்கும் சாஃப்ட்வேர் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் பாட்டிலும் ஒருவர் பாடுகிறாரே, அதை அக்கா குரலோடு சேர்த்தே பிரிக்கும், குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். அடுத்த முறை டீக்கடைக்காரரிடம் ஒரு டீயைச் சொல்லிவிட்டு ரேடியோவை அணைக்கச் சொல். ஒரு டீக் காசில் முடியும்.

பெரம்பூர்_லோகோ | பிப்ரவரி 3, மதியம் 1:05

ஒரு சின்ன விஷயம். விடியற்காலை ஏலம் மூன்று மணி வாக்கில் டியூப் லைட்டிலும் எல்.இ.டி.யிலும் நடக்கும். ஃபோனில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்திருந்தால் விளக்கு விட்டு விட்டு எரிவது போலத் தெரியும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் அடங்கும், 1/60 வைத்தால் போச்சு. 25 ஃபிரேமில் 1/50 என்று பூட்டி வைத்துவிட்டால் கவலை இல்லை. சினிமா லுக் என்று யூடியூபில் அமெரிக்காக்காரன் சொல்வதைக் கேட்டு எடுக்கும் எல்லோரும் இங்கேதான் மாட்டுவார்கள், அவன் ஊரில் 60 ஹெர்ட்ஸ்.

ஸ்லோ மோஷனில் மீன் துள்ளுவதை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைத் தூக்கிவிடுங்கள், மினுக்கலுக்காக மட்டும் சொல்லவில்லை.

கல்மண்டபம் | பிப்ரவரி 3, இரவு 10:20

துள்ளும் மீன் ஸ்லோ மோஷன் இரண்டு இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பெரம்பூர்_லோகோ | பிப்ரவரி 3, இரவு 10:24

நானும் எடுத்திருக்கிறேன்.

மாதவரம்_டிப்போ | பிப்ரவரி 4, காலை 8:30

வாய்ஸ் ஓவர் வேண்டவே வேண்டாம் என்று இங்கே எல்லோரும் ஒரு மதம் போலச் சொல்வீர்கள், தெரியும். ஆனால் யோசியுங்கள், கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சானுக்குத் தடைக்காலம் என்றால் என்ன என்றே தெரியாது. மீன் இனப்பெருக்கத்துக்காக நிறுத்துகிறார்கள், கிழக்குக் கடற்கரைக்கு ஒரு தேதி, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இன்னொரு தேதி, அதனால் கன்னியாகுமரியிலேயே ஒரு பக்கம் படகு போகும், மறுபக்கம் போகாது. இதெல்லாம் அக்கா எப்படிச் சொல்வார்? அவருக்கு அது தெரிந்த விஷயம், தெரிந்ததை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

மொட்டைமாடி | பிப்ரவரி 4, காலை 8:52

திரையில் ஒரு வரி எழுத்துப் பலகை. "ஏப்ரல் 15. இன்றிலிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது." முடிந்தது. கன்னியாகுமரிக் கணக்கு உங்கள் மச்சானுக்கு எதற்கு? வாய்ஸ் ஓவர் வந்தாலே கூடவே "இவர்களின் கண்ணீர் கடலில் கரைகிறது" வரும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

மாதவரம்_டிப்போ | பிப்ரவரி 4, காலை 9:10

எழுதுகிறவன் எழுதுவதில் இருக்கிறது. டப்பிங் குரல் வேண்டாம், இந்தத் தம்பியே தன் குரலில் பேசலாமே. ராயபுரத்துப் பையன், சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கம் நடந்து போயிருப்பான், இருந்தும் வெட்டுகிறவர்களை எத்தனை வருடம் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொன்னால் நான் கேட்பேன்.

மீன்காரி_மகள் | பிப்ரவரி 4, இரவு 9:37

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எனக்கு ஷட்டர் எல்லாம் தெரியாது. என் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறார். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் கடைகளை எடுக்கச் சொல்லிப் பிரச்சினை வந்தபோது கேமராவோடு நிறையப் பேர் வந்தார்கள், அதில் ஒரு கல்லூரிப் பசங்க எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நல்ல பசங்கதான், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அம்மாவிடம் முதல் கேள்வியே "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா". அம்மா ஏலக்காரரிடம் போட்ட சண்டையை நடித்தே காட்டினார், நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், கேமரா பிடித்த பையனும் சிரித்தான், படம் ஆடியிருக்கும். அது ஒன்றும் படத்தில் வரவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரே தெருவில் மூன்று முறை நடக்க வைத்தார்கள். அம்மா கூடை தூக்கியே பல வருடம் ஆகிறது, மீன் ஆட்டோவில் வருகிறது. வீட்டுக்குள் எதை எதையோ எடுத்தார்கள். மழை பெய்தால் ஓரமாக ஒழுகும், அந்த இடத்தில் வைத்த பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று படத்தில் முழுதாக ஒரு நிமிடம் வருகிறது. இது எப்படித் தெரியும் என்றால், என்னோடு வேலை பார்க்கும் பெண் ஃபோனில் காட்டினாள். அம்மாவுக்கு யாரும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை, பக்கெட்டைப் பார்த்தால் வருத்தப்படுவார்.

கல்மண்டபம், உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். அந்த அக்கா படத்தைப் பார்த்துவிட்டாரா?

கல்மண்டபம் | பிப்ரவரி 5, அதிகாலை 1:15

இல்லை.

ஜூலைக்குப் பிறகு ஃபோனில் இரண்டு தடவை பேசினேன், "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டார், இன்னும் இல்லை அக்கா என்றேன். நாலு எடிட்டையும் நண்பர்கள் பதினைந்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அவருக்கு அனுப்பவில்லை. முழுசாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன் என்று சொல்லலாம், ஆனால் நிஜம் அது இல்லை, பயம்தான். படத்தில் ஒரு இடத்தில் சீட்டுப் பணம் இரண்டு தவணை கட்டவில்லை என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார். யாரிடம் சீட்டு என்று பெயர் வராது, ஆனாலும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதை எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

சம்மதம் கேமராவில் வாங்கியிருக்கிறேன். "எடுத்துக்கோப்பா, இன்னா இப்ப" என்று சொல்வது பதிவில் இருக்கிறது.

மொட்டைமாடி | பிப்ரவரி 5, காலை 7:30

மீன்காரி_மகள் சொன்னது எனக்கும் உறைத்தது. இருந்தாலும் எதிர்த்துக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த இழை பஜனை மடம் ஆகிவிடும். எடுக்கப்பட்டவரிடம் காட்டி, அவர் வேண்டாம் என்றதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? கல்மண்டபத்துக்கே தெரியும், அவர் தொழில் அதுதானே, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து "இந்த மாமா வேண்டாம், அந்த அத்தையை நாலு தடவை காட்டு" என்பார்கள். ஆவணப்படம் கல்யாண வீடியோ ஆகக்கூடாது. அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி எடுத்தால் அவரிடம் போட்டுக்காட்டி அனுமதி கேட்பீர்களா?

பழைய_ரீல் | பிப்ரவரி 5, காலை 11:00

அமைச்சரும் மீன் வெட்டும் பெண்ணும் ஒன்றா? அமைச்சருக்கு மறுப்பு அறிக்கை விட ஆள் இருக்கிறது. காட்டுவது வேறு, கத்தரியைக் கையில் கொடுப்பது வேறு. காட்டினால் சண்டை வரும், அந்தச் சண்டையில் படம் நன்றாகும், எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது.

நான் மினி-டிவி (MiniDV) வீடியோ டேப் காலத்து ஆள். ஒரு டேப் ஒரு மணி நேரம், கம்ப்யூட்டரில் ஏற்றவும் அதே ஒரு மணி நேரம் ஆகும், அதனால் கேமராவைக் கண்டபடி ஓடவிட மாட்டோம். மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998இல் ஆவணப்பட, குறும்பட விழா ஒன்றைத் தொடங்கினார், எங்களைப் போன்றவர்களுக்கு நம் ஊர்ப் படத்தை நம் ஊரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று தெரிந்தது அப்போதுதான். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், சில சமயம் படத்தைவிட அது நீளமாகப் போகும். 2004இல் மும்பை விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சான்றிதழ் கேட்டபோது படமெடுக்கிறவர்கள் எதிர்த்து, விகல்ப் என்று தனியாகவே ஒரு திரையிடல் நடத்தினார்கள். இதெல்லாம் இப்போது யாருக்கும் ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

சரி, எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு வருகிறேன், யாரும் பதில் சொல்லவில்லை. கேரள அரசின் சலச்சித்ர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவண, குறும்பட விழா, மும்பையில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் எம்.ஐ.எஃப்.எஃப். (மேலே சொன்ன அதே மும்பை விழா), நம் ஊரில் அமுதனின் மறுபக்கம் அமைப்பு நடத்துவது மாதிரியான திரையிடல்கள். அதற்கு முன்னால் யூடியூபில் போட்டுவிடாதே, ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் நிறைய இருக்கின்றன. பாஸ்வேர்டு போட்ட லிங்க் போதும். விண்ணப்பக் கட்டணம் கேட்கிற எல்லா விழாவுக்கும் பணம் கட்டாதே, ஊர் பேர் தெரியாத "சர்வதேச" விழாக்கள் மாதம் பத்துச் சான்றிதழ் அச்சடிக்கின்றன, விழாவில் தேர்வானது என்று காட்டும் அந்த இலைமாலைச் சின்னத்தைப் போஸ்டரில் போடுவதற்குத்தான் அந்தக் காசு. நீளம் 22 நிமிடம் என்பது பிரச்சினையே இல்லை, ஆஸ்காரிலேயே குறு ஆவணப்படத்துக்கு 40 நிமிடம் வரை அனுமதி. 2023இல் முதுமலை யானைப் படம் "தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்" ஆஸ்கார் வாங்கியது அந்தப் பிரிவில்தான். வாங்கிய பிறகு அதில் வந்த தம்பதிக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் பணம் பற்றி மனக்கசப்பு என்று செய்தி வந்தது, தயாரிப்புத் தரப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, முதல் நாளே பேசிக்கொள்ளாத எதுவும் கடைசி நாளில் வந்து நிற்கும்.

மாதவரம்_டிப்போ | பிப்ரவரி 5, மதியம் 12:15

பணம் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், அக்காவுக்கு ஏதாவது கொடுத்தீர்களா?

கல்மண்டபம் | பிப்ரவரி 5, இரவு 11:30

டீ, டிபன் தவிர, ஒரு நாள் முழுக்க வீட்டில் வைத்து எடுத்தேன், அன்றைக்குப் போன கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். முதலில் வாங்கவில்லை, பையன் நோட்டுப் புத்தகத்துக்கு என்றதும் வாங்கிக்கொண்டார். ஆவணப்படத்தில் காசு கொடுத்தால் அது நடிப்பு ஆகிவிடும் என்று ஒரு வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், அதனால் இங்கே எழுதவே கூச்சமாக இருந்தது.

காதுகுத்து | பிப்ரவரி 6, காலை 6:50

வொர்க்‌ஷாப்புக்கு எவ்வளவு கட்டினாய்?

கல்மண்டபம் | பிப்ரவரி 6, காலை 6:58

4,500.

காதுகுத்து | பிப்ரவரி 6, காலை 7:01

😀 வொர்க்ஷாப் எடுத்தவருக்கு மட்டும் கூலி உண்டு.

சண்டே_சமையல் | பிப்ரவரி 6, காலை 10:10

சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போனால் சங்கரா நல்ல விலைக்குக் கிடைக்கும்?

பெரம்பூர்_லோகோ | பிப்ரவரி 6, காலை 10:31

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அதுதான் பதில். ஊரே அங்கே நிற்கும்.

கல்மண்டபம் | பிப்ரவரி 16, இரவு 10:05

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. போன ஞாயிறு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன்.

பென்டிரைவில் கொண்டு போனேன், டிவி எடுக்கவில்லை, சத்தம் மட்டும் வந்தது, படம் கறுப்பு. ஹெச்.265 என்கிற புது வீடியோ வகையில் எக்ஸ்போர்ட் செய்திருந்தேன், பழைய டிவி அதற்கெல்லாம் மசியாது. திரும்ப வீட்டுக்கு ஓடிப் போய் ஹெச்.264இல் மாற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அக்கம் பக்கத்திலிருந்து ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் அதே ஹார்பரில் வெட்டுகிறவர்கள். நான் எதிர்பார்த்தது அக்கா ஒருவரை மட்டும்.

மூன்றாவது நிமிடத்திலேயே சிரிப்பு. என்ன என்று புரியவில்லை. ஒரு கஸ்டமர் சங்கரா வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறார், அடுத்த ஷாட்டில் அக்கா வெட்டுவது கொடுவா. வேறு வேறு நாளில் எடுத்தது, கை ஒரே மாதிரி இருக்கிறது, வெளிச்சமும் சேர்கிறது என்று ஒட்டிவிட்டேன். பதினைந்து நண்பர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செகப்பு மீனைக் கொடுத்தால் வெள்ளை மீனாக வெட்டித் தருகிறாள் என்று அந்த இரண்டு பேரும் அக்காவை ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிட்டார்கள். அக்காவுக்குக் கோபம். "ஏம்பா, என்ன மீனுகூடத் தெரியாதவன்னு நெனச்சுக்க மாட்டாங்க?" அவருக்கு அது தொழில் விஷயம், மானப் பிரச்சினை.

சீட்டுப் பணம் பேசும் இடம் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர் மட்டும், "அது கட்டிட்டியே அப்புறம், அதையும் போடச் சொல்லு" என்றார். ஆகஸ்ட்டில் இரண்டு தவணையும் சேர்த்துக் கட்டிவிட்டாராம். நான் ஜூலையோடு நிறுத்திவிட்டதால் எனக்குத் தெரியவில்லை. இருக்கட்டும், ஆனால் கட்டிவிட்டேன் என்பதும் வர வேண்டும் என்றார்.

அவர் எடுக்கச் சொன்னது வேறு ஒன்றை. தடைக்காலத்து நடுவில் ஒரு நாள், காலியாக இருக்கும் வெட்டும் இடத்தில், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாற்பது செகண்ட் ஷாட். பின்னால் கட்டி நிற்கும் படகுகள் லேசாக ஆடும். போஸ்டரே அதை வைத்துத்தான் செய்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும், "இது இன்னாத்துக்குப்பா? கன்னத்துல கை வெச்சுக்கினு உக்காந்தா வூடு வெளங்குமா?" என்றார். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தீர்களே அக்கா என்றேன். இல்லையாம். பல் வலி. இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டு இருந்ததாம், கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

எட்டு மாதமாக அந்த ஷாட்டைப் பார்த்து நானே கண் கலங்கியிருக்கிறேன்.

மொட்டைமாடி | பிப்ரவரி 16, இரவு 10:22

பல் வலி 😂😂

மன்னிக்கவும். ஆனால் அந்த ஷாட்டை விடாதீர்கள். பல் வலியோடேயே வையுங்கள், அவர் சொல்வதை மேலே போடுங்கள்.

கல்மண்டபம் | பிப்ரவரி 16, இரவு 10:40

கேட்டுப் பார்த்தேன். "பல்லு வலிய எவனாவது படம் எடுப்பானா" என்கிறார். கை வைத்திருப்பதுதான் பிரச்சினை. எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதில் ஒன்று கிடைத்தது. சின்ன அருவாமனை ஒன்றைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார், எனக்கு இதுவரை காட்டியதே இல்லை. தடைக்காலத்தில் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கல்யாண மண்டபத்துக்குக் காய் நறுக்கப் போவாராம், தெரிந்தவர் ஒருவர் சமையல் கான்ட்ராக்டர். நான் தினமும் ஹார்பருக்கு மட்டும் போய்க் காலி இடத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பாதி நாள் மண்டபத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். வெள்ளைப் பூசணி வெட்டுவது வஞ்சிரம் வெட்டுகிற மாதிரிதான், நடுவில் முள் இல்லை, அவ்வளவுதான் என்றார். அந்த மண்டபங்களில் ஒன்றிரண்டில் நான் மேலே வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கலாம், கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இந்தத் தடைக்காலத்தில் அதை எடுக்கப் போகிறேன். படம் இப்போது 17 நிமிடம், நடுவில் ஒரு ஓட்டை.

மாதவரம்_டிப்போ | பிப்ரவரி 17, காலை 8:05

நான் சொன்ன வாய்ஸ் ஓவருக்கு இடம் கிடைத்துவிட்டது. மேல் மாடியில் நீ, கீழே சமையல் கட்டில் அவர். உன் குரலில் இரண்டே வரி.

மொட்டைமாடி | பிப்ரவரி 17, காலை 8:11

இரண்டு வரி என்றால் சரி. மூன்றாவது வரி வந்தால் கடல் வந்துவிடும், கண்ணீரும் வந்துவிடும்.

மீன்காரி_மகள் | பிப்ரவரி 17, இரவு 9:50

கொடுவா விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. அவரைப் பற்றி எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்பதையும் அப்படியே சொல்லிவிட்டேன். பார்க்க வேண்டும் என்கிறார். பக்கெட் இருக்கிறது என்றேன். "எது, அந்த நீல பக்கெட்டா? அது ஒடஞ்சே போச்சே" என்றார். ஞாயிற்றுக்கிழமை காட்டப் போகிறேன். அந்தப் பசங்களில் ஒருவன் நம்பர் பழைய ஃபோனில் இருக்கும், அவனையும் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் படம் முடிந்ததும் எனக்கும் காட்டுங்கள்.

கல்மண்டபம் | பிப்ரவரி 18, காலை 6:30

கண்டிப்பாக அக்கா. இந்த வருடத் தடைக்காலம் முடிவதற்குள் எடுத்து முடித்துவிட்டால், முதல் தடவை மீன் வெட்டும் அக்கா வீட்டு மாடியிலேயே போடலாம் என்று பேச்சு. ப்ரொஜெக்டர் கல்யாண ஆர்டரில் பழக்கமான ஒருவர் சும்மா தருகிறேன் என்கிறார். திரைக்கு வெள்ளை வேட்டி கட்டினால் போதுமா? மாடியில் கடல் காற்று பலமாக இருக்கும்.

பழைய_ரீல் | பிப்ரவரி 18, காலை 7:45

வேட்டி வேண்டாம், காற்றில் உப்பிக்கொண்டு அக்கா முகமே கோணலாகத் தெரியும். ஃபிளக்ஸ் கடையில் அச்சில் கெட்டுப்போன பேனர் கேள், சும்மாவே கொடுப்பார்கள், பின்பக்கம் வெள்ளையா என்று பார்த்து வாங்கு. நாலு பக்கமும் கயிறு கட்டு, கீழே செங்கல் வை.

காதுகுத்து | பிப்ரவரி 18, காலை 8:02

ஸ்பீக்கர் நான் கொண்டு வருகிறேன். டீக்கடை ரேடியோ பக்கத்தில் எங்கேயும் இல்லையே?